வெளுப்பி, முன்மயிரி, பின்மயிரி

மஞ்சனேந்தலில் பேர் சொன்னதும் மிளகாய்ச் செடியின் இலைப்பேன்கள் எழுந்து போன வருஷம் எது என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், கண்மாய் இரண்டு தடவை மறுகால் பாய்ந்த வருஷம் என்பார் ஒருவர், ரேஷன் கடைக்குப் புதுக் கூரை போட்ட வருஷம் என்பார் இன்னொருவர், அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் இந்த ஊரில் மிளகாயை விட்டுவிட்டுச் சோளம் விதைக்கிறோம் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே நினைப்பு. அந்தப் பேர்களை ஊருக்குக் கொடுத்தவள் யார் என்று கேட்டுவிட்டால், கேட்டவரை ஒரு டீ குடிக்கச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கொடுத்தவள் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வீட்டில் வைத்த பேர் அது, சுருக்கிப் போது என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு நேர்மூத்தவள் தெய்வராணிதான் தலை வாரிவிட்டு, சண்டை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பி, தனக்குக் கல்யாணமாகிக் கண்மாய்க்குக் கிழக்கே வெள்ளூரணிக்குப் போகும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டவள். பிறகு போதும்பொண்ணு கண்மாய்க்கு மேற்கே மஞ்சனேந்தலில் மைக்செட் வைத்திருந்த வழிவிட்டானுக்கு வாழ்க்கைப்பட்டாள். அக்காள் வயலுக்கும் தங்கை வயலுக்கும் நடுவே கண்மாய்த் தண்ணீர் மட்டும்தான்.

போதும்பொண்ணு ஒன்பது வருஷம் ஒரு மிளகாய் ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தாள். மிளகாய்ப் பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டுவதும், உதிர்கிற இலைப்பேன்களை எண்ணுவதும் அவள் வேலை. கூர்சீவிய பென்சிலால் இழுத்த ஒரு சின்னக் கோட்டளவுதான் ஒரு பேன் இருக்கும். அங்கே இருந்த மேடம் ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் அவளைப் பார்க்கச் சொன்னார், பார்த்தவள் மத்தியானச் சோற்றை மறந்துவிட்டாள். ஒரே பழுப்பு, ஒரே நீளம், ஒரே மாதிரி ஈர்க்கு இறகு, ஆனால் ஒன்றுக்குக் கழுத்தின் முன்னோரத்திலும் பின்னோரத்திலும் நீளமான மயிர் இருந்தது, மற்றொன்றுக்குப் பின்னோரத்தில் மட்டும்தான் இருந்தது. ஒன்றின் உணர்கொம்பில் எட்டுக் கணு, மற்றொன்றுக்கு ஏழு. மேடம் சொன்ன புத்தகப் பேர்கள் அவள் நாக்கில் நிற்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் மயிர் உள்ளதை முன்மயிரி என்றும், பின்பக்கம் மட்டும் உள்ளதைப் பின்மயிரி என்றும், கொழுந்து இலையை உறிஞ்சி மேல்நோக்கிச் சுருட்டுகிற வெளிர் மஞ்சள் பேனை வெளுப்பி என்றும் தன் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பண்ணையில் வேலை நின்றபோது மேடம் ஒரு கைலென்ஸைக் கொடுத்து அனுப்பினார். அதற்குள் அவளுக்கு அந்த லென்ஸே போதும் என்கிற அளவுக்குக் கண் பழகியிருந்தது.

அந்த மார்கழியில் ஒருநாள் காலை, கண்மாய்க்கரையை ஒட்டிய தன் வயலில் கொழுந்து சுருண்டிருப்பதைப் பார்த்து, ஒன்றைக் கிள்ளித் தாளில் தட்டி, லென்ஸை வைத்துப் பார்த்து, "அட வெளுப்பி, நீயா?" என்றாள். தாளில் இருந்த பேன் எழுந்து போனது. அந்தச் செடியில் இருந்ததெல்லாம் எழுந்தது, பக்கத்துச் செடியில் இருந்தது எழுந்தது, அவள் குரல் எட்டிய தூரம்வரை ஒரு ஏக்கர் மிளகாயிலிருந்தும் பேன்கள் மஞ்சள் புகைபோல எழுந்து, மேற்கேயிருந்து வீசிய மேல்காற்றில் கண்மாயைத் தாண்டிக் கிழக்கே போயின. போதும்பொண்ணு லென்ஸை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். சாப்பிடும்போதுதான் வழிவிட்டானிடம் சொன்னாள்.

"பேரைச் சொன்னேன், போயிருச்சுங்க."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

வழிவிட்டான் கை கழுவிவிட்டு நேரே பஞ்சாயத்துத் தலைவர் ஆறுமுகவேல் வீட்டுக்குப் போனான்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம், புதிதாக வந்த பஸ்ஸை எடுத்துக்கொள்வது போலத்தான் இருந்தது, முதல் நாள் கூட்டமாக நின்று பார்த்தார்கள், இரண்டாம் நாள் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் தாமதமாகிறதே என்று சலித்துக்கொண்டார்கள். செடிகளுக்கு நடுவே நின்று வாயால் சொன்னால்தான் பேன் கேட்கும், மைக்கில் சொன்னால் கேட்காது என்று சீக்கிரமே தெரிந்துபோனது. ஜெயசுதா என்று போதும்பொண்ணுவின் சிநேகிதி ஒருத்தி, அவசரப்பட்டுத் தன் அரை ஏக்கரில் நின்று முன்மயிரியைப் பார்த்துப் பின்மயிரி என்று கூப்பிட்டுவிட்டாள், அவ்வளவுதான், அந்தப் பேன்களுக்குக் காது அடைத்துப்போனது, பிறகு போதும்பொண்ணுவே வந்து சரியான பேரைச் சொல்லியும் ஒன்றுகூட அசையவில்லை, பத்து நாளில் ஜெயசுதாவின் செடிகள் பூவுதிர்ந்து குச்சியாக நின்றன. அதற்குப் பிறகு மஞ்சனேந்தலில் வயலுக்குள் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டே போனார்கள், பேச வேண்டியதை வரப்பில் நின்று பேசினார்கள்.

நல்லவேளையாகப் பேன்கள் ஒரு நேரத்தில் ஒரு வகையாகத்தான் வந்தன. போதும்பொண்ணு விடிந்ததும் புறப்பட்டு ஒவ்வொரு வயலாகப் பூவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவாள், ஊர் முழுக்க ஒரே வகைதான் என்று உறுதியான பிறகு வழிவிட்டானின் ஒலிபெருக்கியில், "இன்னைக்கு முன்மயிரி, எல்லாரும் கேட்டுக்கங்க, முன்மயிரி" என்று அறிவிப்பாள், ஆணும் பெண்ணுமாக அவரவர் வயலில் நின்றிருக்கும் ஊர் அந்தப் பேரை ஒரே நேரத்தில் சொல்லும். பேன்கள் எழும்போது தொட்டில் பிள்ளைகளுக்கு ஈரத்துணி போர்த்தினார்கள். பள்ளிக்கூடத்தில் ஜன்னலைச் சாத்தினார்கள். உரக்கடைக்காரர் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பிறகு வெள்ளைத் தாளும் லென்ஸும் வாங்கி விற்கத் தொடங்கினார், வாங்கியவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் போதும்பொண்ணுவிடமே வந்தார்கள். வேளாண்மை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, காற்றினால் பூச்சித் தாக்குதல் குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். வடக்குத் தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்றவள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதில் எது மூத்தது என்று குழம்பிப்போய் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், போதும்பொண்ணு காது மடலைப் பார்த்துச் சொல்லி அனுப்பினாள்.

கூப்பிடுவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் வழிவிட்டான் கண்டிப்பாக இருந்தான். பத்து மணிவரைதான் மேல்காற்று, பிறகு கடல்காற்று திரும்பிவிடும்.

"போறது எல்லாம் எங்கங்க போகுது?" என்று ஒருதடவை கேட்டாள்.

"கண்மாய்த் தண்ணியில விழுந்து மீனுக்கு இரையாகுது. நான் போயிப் பாத்தேன்" என்றான்.

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். வெளுப்பியை ஒருநாள், முன்மயிரியை ஒருநாள், பின்மயிரியை ஒருநாள் என்று மூன்று தடவை ஊர் கூடிப் பேர் சொல்லி அனுப்பி முடிப்பதற்குள் தை பிறந்தது. மஞ்சனேந்தலில் செடி செடியாகச் சம்பா மிளகாய் விரல் நீளத்துக்குத் தொங்கியது. கோயில் கொடைத் திருவிழாவில் அவளுக்குத் தலைவர் கையால் மாலை போட்டார்கள். அக்காளுக்குச் சொல்லலாம் என்று போன் பண்ணினாள், தெய்வராணி எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள், எடுக்கவில்லை. அக்காளிடமிருந்தும் ஒரு மாதமாக ஒரு அழைப்பும் இல்லை. காய் பறிப்பு வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தை பத்தாம் தேதிக்குப் பிறகு ஒருநாள் வழிவிட்டான் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"வடக்கு வயல்ல பறிச்சது. இது என்ன வகைன்னு பாரு."

அவள் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து ஒரு பூவை எடுத்துத் தாளில் தட்டினாள். லென்ஸை வைத்தாள். முன்மயிரி இருந்தது. அதன் பக்கத்திலேயே பின்மயிரி இருந்தது. இரண்டுக்கும் நடுவே, இலையில் சாறு தீர்ந்துபோனால் ஒழியப் பூவுக்குள் வராத வெளுப்பியும் இருந்தது. ஒரே பூவில் மூன்றையும் அந்த வருஷம் அவள் எங்கும் பார்க்கவில்லை, மஞ்சனேந்தலில் அன்று அந்த மூன்றில் எதுவுமே இல்லை. பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினாள். அடியில் ஒரு பிஞ்சு கிடந்தது. உருண்டையான பிஞ்சு. மஞ்சனேந்தலில் எல்லாரும் சம்பாதான் போடுவார்கள், குண்டு மிளகாய் போடுவது கண்மாய்க்கு அந்தப் பக்கம்.

"இது நம்ம ஊருப் பூ இல்லையே."

வழிவிட்டான் அந்தப் பிஞ்சை எடுக்கக் கையை நீட்டினான்.

"அக்கா வயலா?"

"பேரை மட்டும் சொல்லு. நான் போயி மதினிகிட்டச் சொல்லிடுறேன்."

"இதை யாரு உங்க கையில குடுத்தா?"

அவன் வாசல்படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதல்தடவை கூப்பிட்ட மறுநாளே அவனும் தலைவரும் இன்னும் இருவரும் பைக்கில் வெள்ளூரணி போய்ப் பார்த்துவிட்டார்கள். கண்மாயைத் தாண்டினதும் முதல் பச்சை தெய்வராணியின் வயல்தான், எல்லாம் அங்கேதான் இறங்கியிருந்தது, அங்கிருந்து அந்த ஊர் முழுக்கப் பரவியிருந்தது. போதும்பொண்ணுக்குத் தெரிந்தால் கூப்பிட மாட்டாள் என்று தலைவர் சொன்னார். ஊர் கூடிப் பேசி, யாரும் அவளிடம் வாய் திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். தெய்வராணியின் போன் வராதபடி அவள் போனில் எதையோ அழுத்தி, இவள் பண்ணினாலும் போகாதபடி நம்பரில் ஒரு எண்ணையும் மாற்றி வைத்தது வழிவிட்டான்தான். முந்தின நாள்தான் தெய்வராணி இந்தப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், பஸ் ஸ்டாப்பிலேயே பத்துப் பேர் நின்று, போதும்பொண்ணு பரமக்குடிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

"பத்துப் பேருல நீங்களும் நின்னீங்களா?"

"நின்னேன். மதினி அழுதாங்க. அதான் பொட்டலத்தை நான் வாங்கிக்கிட்டேன். எப்படியாச்சும் உன்கிட்டப் பேரைக் கேட்டு..."

"மூணு தடவை. மூணு தடவை என் வாயால சொல்லவச்சீங்க."

"ஊரே சொல்லும்போது நான் என்ன பண்ணுவேன், போது? நம்ம வயலும் அதுலதான இருக்கு."

அவள் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் வைத்து முடிந்துகொண்டு எழுந்தாள். குழாயடியில் ஜெயசுதா குடம் வைத்திருந்தாள். போதும்பொண்ணு கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் முகம் வேறு பக்கம் திரும்பியது.

"உனக்கும் தெரியுமாடி?"

"அக்காவுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தேன்டி. சத்தியமா நான்தான் குடுத்தேன்."

"உன் வயலு செத்துப்போச்சு. உனக்கு இதுல என்னடி கெடச்சுது?"

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. போதும்பொண்ணு கண்மாய்க்கரை மேலேறி நடந்தாள். அந்தத் தெருவில் தனக்குக் கும்பிடு போட்டவர்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டியவர்கள், கொடையில் மாலை போட்டபோது கைதட்டியவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள், இவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று விலக்கிவைக்க ஒரு முகமாவது கிடைக்குமா என்று தேடினாள், கரை முடிகிறவரை கிடைக்கவில்லை.

வெள்ளூரணி வயல்களில் இலைகள் படகுபோல மேலே மடிந்து காய்ந்திருந்தன. தெய்வராணி வரப்பில் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டினார், இரண்டு பெண் பிள்ளைகளையும் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். தங்கையைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா."

"உன் குரலு கேட்டுச்சு" என்றாள் தெய்வராணி. "மேல்காத்துல உன் குரலு இங்க வரைக்கும் கேட்டுச்சு. மூணு நாளும். நீ பேரைச் சொல்ற, உங்க ஊரு சொல்லுது, அப்புறம் வருது. எங்க ஊருல எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. உன் தங்கச்சி அனுப்புறாடின்னு சொல்றாங்க. நான் சொன்னேன், அவ அப்படிச் செய்யமாட்டான்னு."

"சத்தியமாத் தெரியாது. கண்மாய்ல விழுந்துருதுன்னு சொன்னாங்க."

"அனுப்புனவ நீ. எங்க போகுதுன்னு நீ வந்து பாத்தியா?"



வெள்ளூரணிக்காரர்களும் ஒலிபெருக்கியில் கேட்ட பேர்களைத் தங்கள் வயல்களில் நின்று கத்திப் பார்த்திருந்தார்கள், எது எதுவென்று தெரியாமல் மூன்று பேரையும் மாற்றி மாற்றிக் கத்தியதில் அந்த ஊர்ப் பேன்கள் எல்லாவற்றுக்கும் காது அடைத்துவிட்டது. தெய்வராணியின் இரண்டு ஏக்கரில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்க வந்தவர்களை அவள் கம்பை எடுத்துக்கொண்டு நின்று விரட்டியிருந்தாள், என் தங்கச்சி வந்து பார்த்துச் சொல்லுவாள் என்று. செடிகளில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது, நுனியில் புதுக்கொழுந்து நாலு இருந்தது.

போதும்பொண்ணு வரப்பில் உட்கார்ந்தாள்.

"நான் கூப்பிட்டா இதுங்க எங்கயாச்சும் போகணுமேக்கா. எங்க அனுப்ப? அனுப்ப எடமில்ல."

தெய்வராணி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க ஊருலருந்து அனுப்ப எடம் இருந்துச்சு. என் வயல்லருந்து அனுப்பத்தான் எடமில்லையாக்கும்?"

போதும்பொண்ணு மத்தியானம்வரை அந்த வரப்பிலேயே இருந்தாள், கிழக்கேயிருந்து வந்த கடல்காற்று பலத்து முந்தானையை மேற்கே தள்ளியதும் எழுந்தாள். மேற்கே, கண்மாய்க்கு அப்பால், முதல் பச்சை எது என்று அவளுக்குத் தெரியும். அவளும் வழிவிட்டானும் நாற்று நட்டு, களை எடுத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த வயல்.

மூன்று வகையும் கலந்து கிடந்ததால் உரக்கச் சொல்ல முடியாது, ஒன்றுக்குச் சரியான பேர் மற்ற இரண்டுக்கும் தப்பான பேராகிக் காது அடைத்துவிடும். அதனால் அவள் செடி செடியாக முழங்காலிட்டு, ஒவ்வொரு பூவையும் கையால் பொத்திக்கொண்டு, லென்ஸால் கழுத்து மயிரைப் பார்த்து, பூவுக்குள் வாயை வைத்து மூச்சளவில் அதன் பேரைச் சொன்னாள், நீ முன்மயிரி போ என்றாள், நீ பின்மயிரி போ என்றாள், வெளுப்பி நீயும் போ என்றாள், ஒவ்வொன்றும் தன் பேரைக் கேட்டுத் தனியாக எழுந்து, நூல் பிரிவதுபோல மேற்கே போனது. அன்று பிற்பகல் முழுக்கச் சொன்னாள், மறுநாள் பிற்பகலும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள், முழங்கால் தோல் உரிந்து மண் ஒட்டியது, உதட்டில் மகரந்தம் காய்ந்தது. ஒருதடவைகூடப் பேர் மாறவில்லை. தெய்வராணி சொம்பில் நீச்சத்தண்ணி கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு பேராகச் சொல்லும்போதும் அது எங்கே இறங்கும் என்று போதும்பொண்ணுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தே சொன்னாள்.

நாலாம் நாள் மஞ்சனேந்தல் விழித்துக்கொண்டது. கரையோர வயலில் மூன்று வகையும் கலந்து இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தன. ஊர் வயல்களில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது, ஜெயசுதாவின் குச்சிகளைப் பார்த்தவர்கள் யாருக்கும் ஒரு பேரைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பஞ்சாயத்துக் கூடியது. போதும்பொண்ணு ஊருக்குத் துரோகம் பண்ணிவிட்டாள் என்று தலைவர் ஆறுமுகவேல் சொன்னார். யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை வழிவிட்டான் பைக்கில் வெள்ளூரணிக்கு வந்தான். சட்டை மாற்றி, தலை சீவியிருந்தான். போதும்பொண்ணு அக்காள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டதும் ஈரத்துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுத் திரும்பினாள், ஆறு நாளும் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"ம்."

"முழங்காலு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

தெய்வராணி உள்ளே போய்விட்டாள். வழிவிட்டான் கொஞ்சநேரம் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன செய்வது என்று அவள் யோசித்தாள், போகக்கூடாது என்று நினைத்தாள், போய்விடுவோம் என்றும் தெரிந்தது. அவன் சட்டைப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான்.

"தலைவரு குடுத்துவிட்டாரு. பூவு காயறதுக்குள்ள பாத்துச் சொல்லிடு, போது. எந்தப் பூ எந்த வயல்ல பறிச்சதுன்னு பென்சில்ல குறிச்சிருக்கு. மேல்காத்து பத்து மணிவரைதான் இருக்கும்."

அவள் தாளை வாங்கிப் பிரித்தாள், உள்ளே ஐந்து மிளகாய்ப் பூ இருந்தது. முந்தானையிலிருந்து லென்ஸை அவிழ்த்து, வெயில் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதல் பூவைத் தட்டிப் பார்த்தாள், இரண்டாவதைத் தட்டிப் பார்த்தாள், ஐந்து பூவையும் தட்டி ஒவ்வொன்றின் கழுத்தையும் நிதானமாகப் பார்த்தாள், மூன்று வகையும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. பார்க்கப் பார்க்க அவனுக்கு முகம் தெளிந்துகொண்டு வந்தது. அவள் பூக்களைத் திரும்பத் தாளில் வைத்து, அவன் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, அவன் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு" என்றாள்.